பையர் வரும் நாளில் திறக்கும் அறை

எனக்குத் தையல் சொல்லிக்கொடுத்தது ஒரு வெளிநாட்டு சர்க்கார். சிரிக்காதீர்கள், நிஜம்தான். ஆஸ்டின் டவுனில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு ஹாலில், அந்த நாட்டு உதவிப் பணத்தில் ஏழைப் பெண்களுக்குத் தையல் வகுப்பு நடந்தது. மிஷின்கள் எல்லாவற்றிலும் அவர்கள் கொடி ஒட்டியிருக்கும். எப்போதாவது அந்த நாட்டுக்காரர்கள் வந்து, என்ன குறை இருந்தாலும் பயப்படாமல் சொல்லுங்கள் என்பார்கள். கூரை ஒழுகுகிறது என்றோம்; அடுத்த மழைக்குள் ஷீட் மாற்றிவிட்டார்கள். கக்கூஸுக்குக் கதவில்லை என்றோம், கதவு வந்தது. ஒரு தெருவிளக்குக்காக வருஷக்கணக்காகத் தொண்டை வற்றக் கத்திய எங்களுக்கு, சொன்னால் நடக்கிறது என்பதே அதிசயமாக இருந்தது.

கற்றுக்கொண்ட கையோடு பொம்மசந்திராவில் ஒரு கார்மெண்ட்ஸில் சேர்ந்தேன். நாங்கள் தைத்த சட்டையெல்லாம் அதே நாட்டுக்குத்தான் போனது. வருஷத்துக்கு இவ்வளவுதான் உள்ளே விடுவோம் என்று அந்த சர்க்கார் கோட்டா வைத்திருந்தது. அது தீர்வதற்குள் சரக்கை அனுப்பிவிட வேண்டும் என்று எங்களை நிமிரவே விடமாட்டார்கள். எங்கேயோ உட்கார்ந்து எவனோ போடுகிற திட்டத்தால் எனக்கு இங்கே ஒண்ணுக்குப் போக நேரமிருக்காது.

மகள் பிறந்தாள். வீட்டுக்காரர் லாரியில் போனால் எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. குழந்தையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுப்போனேன். ஒருநாள் எனக்கு ஜுரம் என்று பாதியில் திரும்பி வந்தேன். அடுப்புப் பக்கம் தவழ்ந்துவிடக் கூடாதென்று பிள்ளையின் இடுப்பில் பழஞ்சேலையைச் சுற்றி, கட்டில் காலில் கட்டிப்போட்டிருந்தாள் அக்கா. "நான் என்னடி பண்ணட்டும், எனக்கும் வேலை இருக்கில்ல?" என்றாள். முடிச்சை அவிழ்த்துப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டேன்.

எங்கள் ஃபேக்டரியிலேயே பிள்ளைகளுக்கென்று ஓர் அறை இருந்தது. தொட்டில், பொம்மை, சுவரில் யானைப் படம், எல்லாம் உண்டு. ஆனால் பூட்டியே கிடக்கும். தொழிலாளிகளின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற கம்பெனிகளிடம்தான் சரக்கு வாங்கலாம் என்று அந்த சர்க்கார் புது விதி போட்டிருந்ததாம். அதனால் எங்கள் சட்டையை வாங்குகிற பையரின் ஆட்கள் சோதனைக்கு வரும் நாளில் மட்டும் அறையைத் திறப்பார்கள். முந்தின நாளே, "கைக்குழந்தை இருக்கறவங்க நாளைக்குத் தூக்கிட்டு வாங்க" என்று சூப்பர்வைசர் சொல்லிவிடுவார். அன்றைக்கு மட்டும் பிள்ளைகளுக்குப் பாலும் பிஸ்கட்டும். பையரின் கார் கேட்டைத் தாண்டினதும் பூட்டு.

அந்தத் தடவை ஒரு வெள்ளைக்காரம்மா வந்தாள். மேனேஜரை வெளியே அனுப்பிவிட்டு, எங்களில் சிலரைத் தனியாக உட்காரவைத்தாள். தமிழ் தெரிந்த ஒரு பெண்ணையும் கூட்டி வந்திருந்தாள். அந்த வெள்ளைக்காரம்மா மடியில் வைத்திருந்த ஃபைலில் அதே கொடி. எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்கள்! நம்ம தையல் வகுப்பு ஆட்கள், இனி கவலையில்லை என்று நினைத்துவிட்டேன். கொடுக்க வருகிறவர்களும் வாங்க வருகிறவர்களும் ஒரே ஆட்கள் என்று நம்பிவிட்டேன்.

"குழந்தைங்களுக்கு இங்க வசதியா இருக்கா?" என்று கேட்டார்கள்.

பக்கத்து மிஷின் தோழி என் தொடையை அழுத்திக் கிள்ளினாள். "சும்னே இரே" என்று வாயை மூடச் சொல்லிக் கன்னடத்தில் முணுமுணுத்தாள். நான் கேட்கவில்லை. "நீங்க வர்ற அன்னைக்கு மட்டும்தாங்க இந்த ரூமைத் திறக்கறாங்க. தொட்டில் மேல பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்கல, போய்ப் பாருங்க. தினமும் திறக்கச் சொல்லுங்கம்மா, புண்ணியமாப் போகும்" என்றேன். அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்கூடக் கலங்கியது. நீ ரொம்பத் தைரியசாலி என்றாள்.

அறை திறக்கும் திறக்கும் என்று தினமும் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே மிஷினில் உட்கார்ந்தேன். கடைசியில் சூப்பர்வைசர் வந்து ஆர்டர் ரத்து என்றார். விதியை மதிக்காத கம்பெனியிடம் வாங்க மாட்டார்களாம். அந்தச் சட்டைகள் வேறு ஏதோ நாட்டுக்குத் தைக்கப் போய்விட்டன. அங்கே பிள்ளைகளை எதில் கட்டிப்போட்டார்களோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். நாங்கள் தைக்கிற லைனை அப்படியே இழுத்து மூடினார்கள். அறையைத் திறக்கச் சொன்னால் லைனையா மூடுவது? என்ன நியாயம் இது?

கேட் முன்னால் தோழி என் மேல் பாய்ந்தாள். "வாயை வச்சிக்கிட்டு சும்மா இருந்தியாடி பாவி!" எல்லோரும் பார்த்தார்கள். நானும் விடவில்லை. "நான் என்ன பொய்யா சொன்னேன்?" என்று கத்தினேன். ஆனால் அவள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமே. தையல் வகுப்பில் கேட்டு வேறு வேலை தேடலாம் என்று போனேன். அங்கேயும் மிஷின்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த சர்க்காரின் உதவி இனிமேல் வேறு நாடுகளுக்காம்.

கோபம் எத்தனை நாளைக்கு? ஹோசூர் ரோட்டில் இன்னொரு கார்மெண்ட்ஸில் ஆள் எடுக்கிறார்கள் என்று சேதி கொண்டுவந்தவளே தோழிதான். சேர்ந்தே போனோம். முதலில் அவள் உள்ளே போய், வேலை கிடைத்துவிட்டது என்று வந்து, என் மகளை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே நின்றாள்.

அந்த ஆள் என் தையலைப் பார்த்தார். நன்றாயிருக்கிறது என்றார். "கைக்குழந்தை இருக்கா? இருந்தா எடுக்கறதில்ல."

"இல்ல சார்."

ஜன்னலுக்கு வெளியே என் மகள் வீறிட்டு அழுதாள். எனக்கு மார்பு கட்டி, பால் ரவிக்கையை நனைத்தது. புடவையை இழுத்து மூடிக்கொண்டேன்.

"யாரு குழந்தை அது?" என்றார்.

"எனக்கு முன்னாடி வந்துட்டுப் போனாளே, அவளோடது சார்" என்றேன்.