அச்சுக்குள் மாட்டிய கை

விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனிகளில் எந்த மிஷினில் போல்ட் முறிந்தாலும் கொளஞ்சியப்பனுக்குத்தான் போன் வரும். துளைத்து எடுப்பதில் ஆள் கெட்டிக்காரன். கோபத்திலும் கெட்டிக்காரன்தான். நட்டு கழலாவிட்டால் அதைப் பெற்ற தாயையே இழுத்துத் திட்டுவான். பக்கத்தில் யாராவது நின்றால் அவருக்கும் ஓர் அறை விழும். மனைவி பூங்கோதையை மட்டும் தொட்டதில்லை. தொட்டால் அவள் திருப்பிக் கொடுப்பாள், அது வேறு விஷயம்.

அன்று வந்த போன் பூங்கோதை வேலை செய்யும் கம்பெனியிலிருந்து. களிமண்ணை அழுத்திப் பீங்கான் ஃபியூஸ் கட்டை அடிக்கும் பிரஸ்ஸில் அவள் மண் வைத்துக்கொண்டிருந்தபோது ஒரு போல்ட் அறுந்து, மேல் அச்சு சரிந்து அவள் வலது கையின் மேல் இறுகிவிட்டது. அச்சைத் தூக்கவிடாமல் வளைந்து நின்ற இன்னொரு போல்ட்டைத் துளைத்தெடுத்தால்தான் கை வெளியே வரும். அதுவோ சாதாரண டிரில் பிட்டுக்கு மசியாத கெட்டி இரும்பு.

டிரில்லோடு ஓடிவந்த கொளஞ்சியப்பனுக்கு அவள் போட்ட சத்தத்தில் புத்தி கலங்கிப்போனது. தொழில் தெரிந்தவன் எதைச் செய்யக்கூடாதோ அதையே செய்தான். டிரில்லை முழு வேகத்தில் முடுக்கி, உடம்பு மொத்தத்தையும் அதன் மேல் சாய்த்தான். இரும்பு கிறீச்சிட்டது. புகை வந்தது. பிட்டின் முனை நீலம் பாரித்து மழுங்கிப்போனது. “தேவடியாப் பய இரும்பே!” என்று அடுத்த பிட்டை மாட்டி இன்னும் வெறியோடு அழுத்தினான். அச்சில் ஏறிய சூடு பூங்கோதையின் விரலைச் சுட்டது.

பக்கத்து பிரஸ்காரன் திலீபனுக்கு மனசு கேட்கவில்லை. மண் குழைக்கிற கலங்கல் தண்ணீரை வாளியோடு தூக்கி ஊற்றினான். எது சூடானாலும் அதை ஊற்றுவதுதான் அங்கே எல்லாருக்கும் பழக்கம். கனன்றுகொண்டிருந்த பிட் பட்டென்று தெறித்தது. ஒரு துண்டு கொளஞ்சியப்பனின் கன்னத்தைக் கிழித்தது. அவன் திரும்பி, திலீபனின் வாயிலேயே குத்தினான். திலீபன் ஸ்பேனரைத் தூக்கினான். இரண்டு பேரும் சேற்றில் கட்டிப் புரண்டார்கள். பிரிக்கப் போன சூப்பர்வைசருக்கும் உதை விழுந்தது.

“யோவ்! இங்க என் கை நசுங்குது, அங்க என்னாய்யா சண்ட? அவன அடிச்சா போல்ட்டு கழலுமா? மெதுவா ஓட்டுய்யா!” என்று அலறினாள் பூங்கோதை.

அந்தக் குரலில்தான் கொளஞ்சியப்பனுக்கு உறைத்தது. மிச்சமிருந்த ஒரே பிட்டைக் கம்பெனிச் சாணையில் தொட்டுத் தொட்டு எடுத்து, சூடேறாமல் முனை தீட்டினான். அச்சில் மண் ஒட்டாமலிருக்கத் தடவும் எண்ணெயைத் திலீபன் துளைக்குள் சொட்டுச் சொட்டாக விட்டான். அவன் உதட்டிலிருந்து ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. கொளஞ்சியப்பன் டிரில்லை மெதுவாக ஓட்டினான். புகை கிளம்பும் முன்பே தூக்கினான், எண்ணெய் விட்டதும் மறுபடி இறக்கினான். இரும்பு சுருள் சுருளாக வெளியே வந்தது. போல்ட் கழன்றதும் கடப்பாரையால் நெம்பிக் கையை எடுத்தார்கள். அதற்குள் பூங்கோதை மயங்கிவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் மூன்று விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. “ரெண்டு விரல் மாட்டினப்பவே போயிடுச்சு. கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருந்தா நடுவிரலையாவது காப்பாத்தியிருக்கலாம்” என்றார் டாக்டர்.

வெளியே பெஞ்சில் வீங்கிய உதட்டோடு உட்கார்ந்திருந்த திலீபன், “கையாவது தப்பிச்சுதேண்ணே” என்றான்.

“அந்த நடுவிரல பிரஸ்ஸு எடுக்கலடா” என்று சொல்லிவிட்டு, தன் முகத்திலேயே மாறி மாறி அறைந்துகொண்டான் கொளஞ்சியப்பன். திலீபன் அவன் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.