போதகர் பாக்கியநாதனின் வலது கை

போதகர் பாக்கியநாதனுக்கு வலது கை வராது என்பது அந்த வருஷம் முழுக்க ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அது அவருடைய மனைவி பிச்சையம்மாள்.

ஐம்பத்தேழாம் வருஷம் சித்திரையில் ஒரு காலை, பல் விளக்கப் போனவர் வேப்பங்குச்சியைக் கீழே போடுவதும் எடுப்பதுமாக நின்றார். வாய் ஒரு பக்கம் லேசாகக் கோணியிருந்தது. பாரிசவாயு என்று அவளுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. காய்ச்சல் என்று ஊருக்குச் சொல்லி, கோடை முழுக்க அவரை வீட்டுக்குள்ளேயே படுக்கவைத்துப் பார்த்தாள். கர்த்தர் கிருபையாக வாய் நேராகிவிட்டது. கை மட்டும் திரும்பவில்லை. சட்டைப் பித்தானை அவள் மாட்டிவிட்டாள். வேதப்புத்தகம் இடது கைக்கு மாறியது. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, "டயர் சரியில்லை" என்று சொல்லி நடந்தே ஊழியத்துக்குப் போனார். பொய் பேசி அறியாத மனுஷன் வாயில் அந்த டயர் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"ஏங்க, சபையார்கிட்டச் சொல்லிருவோமே."

"சொன்னா ஊழியச் சங்கத்துக்குத் தெரியும். ஓய்வு எடுத்துக்கன்னு அனுப்பிருவாங்க. இந்தக் கூரைக் கோயிலுக்கு வேற யாரு வருவா, சொல்லு? சபை கலைஞ்சு போயிரும்."

அவர் சொன்னதும் உண்மைதான். இரண்டு பேரும் ரங்கூனில் அரிசி மில்லில் வேலை பார்த்தவர்கள். அங்கேயிருந்த தமிழ்ப் பாப்டிஸ்டு சபையில்தான் இரட்சிக்கப்பட்டு, ஆற்றில் முழுகி ஞானஸ்நானம் பெற்றார்கள். யுத்தத்தில் குண்டு விழுந்தபோது காடு மலை தாண்டி நடந்தே வந்தார்கள். வழியில் ஒரு பிள்ளையைப் புதைத்தார்கள். புதுக்கோட்டைச் சமஸ்தானம் போய் எல்லாம் ஒரே தேசமான வருஷத்தில், இலுப்பூருக்கு மேற்கே இந்தக் கரட்டுக்காட்டு ஊருக்கு ஊழியத்துக்கு வந்தார்கள். அவர் மண் குழைத்துக் கோயிலுக்குச் சுவர் வைத்தார், அவள் கூரைக்குக் கீற்று முடைந்தாள். பேதியில் விழுந்தவர்களை, யார் எந்தத் தெரு என்று பாராமல் தூக்கிக்கொண்டு போனவர் அவர். அந்தக் கையைத்தான் இப்போது அவள் இரவில் நல்லெண்ணெய் போட்டு நீவிக்கொண்டிருந்தாள்.

ஐப்பசி மழையில் கண்மாய் நிறைந்தது. கூடவே அவளுடைய பயமும். கண்மாய் நிறைந்தால் ஞானஸ்நானம் கேட்டு யாராவது வருவார்கள். தண்ணீருக்குள் ஆளைச் சாய்த்து முழுக்கித் தூக்க இரண்டு கையும் வேண்டும்.

அழகி வந்தாள். நடவுக்குப் போகிறவள், புருஷனை இழந்தவள். நல்ல உயரம், அதற்கேற்ற உடம்பு. நெல் மூட்டையைத் தானே தூக்கித் தலையில் வைத்துக்கொள்வாள்.

"போதகரய்யா, கிறிஸ்துமசுக்கு முந்தி எனக்கு முழுக்குக் குடுத்துருங்க."

அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார். பிச்சையம்மாள் அழகியின் தோளைப் பார்த்தாள், புருஷனின் கையைப் பார்த்தாள். அடுப்பில் வைத்த உலை அவள் கண்ணுக்குத் தெரியாமலே பொங்கி வழிந்தது.

மறுநாள் அழகியின் தம்பி வெள்ளைச்சாமி வாசலில் வந்து நின்றான். வண்டிக்காரன். கையில் மாடு ஓட்டும் தார்க்குச்சி.

"எங்க அக்கா சொன்னா கேக்க மாட்டா. ஒங்ககிட்டச் சொல்லிட்டுப் போறேன். அவளுக்குத் தண்ணிக்குள்ள ஒண்ணு ஆச்சுன்னா, நீங்க இந்த ஊர்ல குடியிருக்க முடியாது."

"ஒண்ணும் ஆகாதுப்பா" என்றார் அவர்.

அவன் போன பிறகு பிச்சையம்மாள் கேட்டாள். "டவுன்ல மத்த சபையில தலையில தண்ணி தெளிக்கிறாங்களே. இந்த ஒரு தடவை தெளிச்சா ஆகாதா?"

"ஆத்துல முங்கி எந்திரிச்சவதானே நீ? ஒனக்கு மட்டும் முழுக்கு, அவளுக்குத் தெளிப்பா?"

"அப்ப என்னை வெச்சுப் பழகிப் பாருங்க" என்றாள். கதவைச் சாத்திவிட்டுக் கயிற்றுக் கட்டிலின் பக்கத்தில் நின்றாள். இடது கையை அவள் முதுகுக்குக் கொடுத்துச் சாய்த்தார். சாய்ப்பதுவரைக்கும் சரியாக வந்தது. தூக்கும்போது வலது கை துவண்டு, இரண்டு பேரும் கட்டிலில் விழுந்தார்கள். கயிறு அறுந்தது.

"நீ முழுகிட்ட, எந்திரிக்கத்தான் மாட்டேங்குற" என்று அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரிப்பு நடுவிலேயே அழுகையாகிவிட்டது. "தண்ணியில கனம் தெரியாது பிச்சை" என்று அவளைத் தேற்றினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சபையார் பாட்டுப் பாடிக்கொண்டு கண்மாய்க்குப் போனார்கள். பிச்சையம்மாள் மாற்றுச் சேலையையும் துண்டையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தாள். கரைமேல் வெள்ளைச்சாமி நின்றான். அவனைக் கண்டதும் அவள் எட்டி நடந்து போதகர் பக்கத்தில் போய்ச் சேர்ந்துகொண்டாள்.

மடைக்குப் பக்கத்தில்தான் போதகர் எப்போதும் இறங்குவார். அடியில் சரளைத் தரை, இடுப்பளவுத் தண்ணீர். கண்ணை மூடிக்கொண்டும் போவார். ஆனால் அவர் படுத்துக் கிடந்த கோடையில், வறண்ட கண்மாயில் வயலுக்கு வண்டல் அள்ளியிருந்தார்கள். அள்ளியது சபையாருக்கும் தெரியும். எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் என்பது வண்டிக்காரர்களுக்குத்தான் தெரியும். மழை வந்து எல்லாப் பள்ளத்தையும் ஒரே மட்டமாக மூடிவிட்டது.

அவர் முன்னே இறங்க, இடது கையைப் பிடித்துக்கொண்டு அழகி பின்னால் போனாள்.

"போதகரே! நில்லுங்க! அங்கிட்டுப் போகாதீங்க!" என்று வெள்ளைச்சாமி கரையிலிருந்து கத்தினான்.

தடுக்க வந்துவிட்டான் என்றே எல்லாரும் நினைத்தார்கள். பாட்டை இன்னும் உரக்கப் பாடினார்கள். பிச்சையம்மாளும் அப்படித்தான் நினைத்தாள். போதகர் அவன் பக்கம் திரும்பி அன்பாகச் சிரித்துவிட்டு, அடுத்த எட்டு வைத்தார்.

ஆள் காணவில்லை.

அழகி கழுத்தளவுக்குச் சறுக்கிப் போய், பிடித்த கையை விடாமல் அலறினாள். பிச்சையம்மாளுக்குக் கர்த்தரே என்றுகூட நினைக்க முடியவில்லை. தார்க்குச்சியை எறிந்துவிட்டு வெள்ளைச்சாமி குதித்தான். அக்காளைக் கரைப்பக்கம் ஒரு தள்ளுத் தள்ளினான். போதகரின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து வந்து சரளையில் நிறுத்தினான்.

அவர் தண்ணீரைக் கக்கி முடிக்கும்வரை பொறுத்துக்கொண்டிருந்தவன் அப்புறம் வெடித்தான்.

"கையக் குடுங்க, கையக் குடுங்கன்னு கத்துறேன். நீட்ட மாட்டேங்குறீங்க! சாகப் போற நேரத்துல என் மேல அம்புட்டு ரோஷமா?"

போதகர் அவனையே பார்த்தார். பிறகு பிச்சையம்மாளைப் பார்த்தார். அவள் துண்டை முறுக்கிக்கொண்டு, வேண்டாம் என்றும் சொல்லாமல், சொல்லுங்கள் என்றும் சொல்லாமல் நின்றாள்.

"ரோஷம் இல்லப்பா" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி. "இந்தக் கை வராது. சித்திரையில இருந்து வராது. ஒங்க எல்லார்கிட்டயும் மறைச்சிட்டேன்."

வெள்ளைச்சாமியின் முகம் மாறிப்போனது.

"சரி, வீட்டுக்குப் போங்க" என்றான் தணிந்த குரலில். "அதான் முழுகியாச்சே."

"முழுகினது அவரு" என்றாள் அழகி, பல் கிட்டிக்க. "நான் இன்னும் முழுகலையே!"

யாரோ சிரித்துவிட்டார்கள். சபை மூப்பர் ராசு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். வெள்ளைச்சாமி முனகிக்கொண்டே காலால் துழாவி, "இங்கிட்டு வாங்க, இது கட்டாந்தரை" என்று இடம் காட்டினான். தானே பள்ளத்து விளிம்பில் மறித்து நின்றுகொண்டான்.

போதகர் தேவனுடைய நாமத்தைச் சொன்னார். இடது கையை அவர் கொடுத்தார், மற்றப் பக்கத்தை ராசு தாங்கினார். அழகி பின்னால் சாய்ந்தாள். தண்ணீர் அவள் முகத்தை மூடியது. தலைமயிர் மட்டும் மேலே பரவியது. அந்த ஒரு நொடி பிச்சையம்மாளுக்கு ரங்கூனிலிருந்து நடந்துவந்த தூரம் முழுவதையும் திரும்ப நடந்த மாதிரி இருந்தது. பிறகு அழகி மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தாள்.

அடுத்த வாரமே அவர் பஸ் ஏறிப் போய்ச் சங்கத்தாரிடம் சொன்னார். அவர்கள் ஓய்வு கொடுத்தார்கள். வேறு போதகர் வரவில்லை. சபையார் அவரை விடவும் இல்லை. "கைதானே வராது, வாய் நல்லாத்தானே இருக்கு" என்றார் ராசு. அதன்பிறகு ஒவ்வொரு வருஷமும் வார்த்தை அவருடையது, கை மூப்பருடையது. யாராவது ஒருவர் அவருடைய பித்தானை மாட்டிவிட்டார்கள்.

பிச்சையம்மாளுக்குப் பயம் மட்டும் போகவில்லை. அவர் இருமினாலும் எழுந்து உட்காருவாள்.

"இப்ப எதுக்குப் பயப்படுற? எல்லாருக்கும்தான் தெரியுமே."

"தெரிஞ்சதனால கை வந்துருச்சா?"

அறுபத்துநாலு மாசியில் பாரிசவாயு திரும்ப வந்தது. பாதி ஜெபத்தில் நாக்கு குழறி, இடது பக்கமும் விழுந்தது. அவள் ஒரு சத்தம்தான் போட்டாள். என்ன ஏது என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியும் இருக்கவில்லை. அழகி தலைமாட்டைத் தூக்கினாள், ராசு கால்மாட்டை. வெள்ளைச்சாமி ஆஸ்பத்திரிக்குப் போக வைக்கோலைப் பரப்பி வண்டியை வாசலில் நிறுத்தியிருந்தான்.

"பயப்படாதீங்கம்மா" என்றான், மாட்டைத் தட்டிவிட்டு.

"பயமாத்தான்ப்பா இருக்கு" என்றாள் அவள், போதகரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு. "நீ ஓட்டு."