நான்காவது குழாய்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் மூத்த அக்காவுக்கு நாங்கள் வைத்த பெயர் உளவுத்துறை. முகத்துக்கு நேரே சொல்ல யாருக்குத் தைரியம்? பதினாறு வருஷ அனுபவம். சொட்டு சொட்டாகத் திரவம் அளந்து விடும் தன் பிப்பெட்டில் சிவப்பு நூல் கட்டியிருப்பாள். முடிச்சு கொஞ்சம் நகர்ந்திருந்தால் அன்று எல்லோருக்கும் விசாரணைதான். வீட்டில் புருஷன் தானாக டீ போட்டுக் கொடுத்தால், "என்ன பண்ணித் தொலைச்சீங்க?" என்பாளாம்.

சும்மா சொல்லக்கூடாது, எங்கள் வேலையும் அப்படி. டி.என்.ஏ. என்பது பீரோவில் பூட்டிய மூலப்பத்திரம் மாதிரி, லேசில் கெடாது. ஆர்.என்.ஏ. என்பது அதைப் பார்த்து செல் எழுதிக்கொள்ளும் நகல். அந்த நகலைப் படித்துத்தான் புரதம் தயாராகும். ஆனால் நம் தோலில் இருக்கும் ஒரு நொதி பட்டாலே போதும், நகல் துண்டு துண்டாகிவிடும்.

அன்று வந்தது எட்டு வயதுப் பெண் குழந்தையின் எலும்பு மஜ்ஜை. ரத்தப் புற்றுநோய். கோளாறான புரதத்துக்குரிய நகல் அதில் இருக்கிறதா என்று நாங்கள் சொன்னால்தான் டாக்டர் மருந்தை முடிவு செய்வார். இருந்தது இரண்டே குழாய். முதல் குழாயில் அக்காவே ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுத்தாள். அது முழுசாக இருக்கிறதா என்று பார்க்க மின்சாரம் வைத்து ஜெல்லில் ஓட்டியபோது, பளிச்சென்று இரண்டு பட்டைகள் தெரிய வேண்டிய இடத்தில் வெறும் புகைமூட்டம். அத்தனையும் சிதைந்திருந்தது. அடுத்ததும் போனால் அந்தக் குழந்தையின் இடுப்பெலும்பில் மறுபடி ஊசி இறக்க வேண்டும்.

"என் சாமான்ல எவளோ கை வச்சிருக்கா," என்றாள் அக்கா, என்னைப் பார்த்துக்கொண்டே.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான்தான்னு நேரா சொல்லிடுங்களேன்! எதுக்கு சுத்தி வளைக்கிறீங்க?"

"நிரூபிச்சிட்டே சொல்றேன்."

பழைய சோதனையில் மீந்த நல்ல ஆர்.என்.ஏ.வை நான்கு குழாய்களில் பங்கிட்டாள். எனக்கொன்று, எதிர் மேசை அண்ணனுக்கொன்று, கண்ணாடிச் சாமான் கழுவும் அம்மாவுக்கொன்று. கையுறை போட்டுத் திறந்து, புதுப் புட்டித் தண்ணீர் ஒரு சொட்டு சேர்த்து மூட வேண்டும். நான்காவது அவளுக்கு. சுத்தம் என்றால் என்ன என்று எங்களுக்குக் காட்டத்தான். நொதி ஒட்டியிருந்தால் வேலையைக் காட்டட்டும் என்று ஒரு மணி நேரம் வெதுவெதுப்பில் வைத்துவிட்டு ஜெல்லில் ஓட்டினாள்.

கணினியில் படம் வந்தது. எங்கள் மூவருக்கும் இரண்டிரண்டு பட்டைகள். நான்காவதில் புகைமூட்டம்.

அண்ணனுக்கு வராத இருமல் வந்தது. கழுவும் அம்மாதான் வாயைத் திறந்தாள். "தப்பா நெனைக்காதம்மா. பத்து நாளா போட்டிருக்கியே அந்தப் புதுக் கண்ணாடி, அது மூக்குல நிக்க மாட்டேங்குது. கையுறை விரலாலயே தள்ளித் தள்ளி விடுற. மூஞ்சி வேர்வை அப்படியே குழாய்க்குப் போகுது."

அப்போதும் அக்காவின் விரல் கண்ணாடியின் மேல்தான் இருந்தது.

"பாத்துட்டு ஏன் சொல்லல?"

"சொன்னா என்னையில்ல சந்தேகப்படுவ?"

அக்கா கையுறையைக் கழற்றிப் போட்டாள். பிப்பெட்டிலிருந்த சிவப்பு நூலை அவிழ்த்துவிட்டு, பிப்பெட்டை என்னிடம் நீட்டினாள். "ரெண்டாவது குழாயை நீ பண்ணு. நான் வெளிய நிக்கிறேன். கெஞ்சினாலும் உள்ள விடாத."

பிப்பெட்டை நொதி நீக்கும் திரவத்தால் துடைத்து, புதுக் கையுறை மாட்டினேன். இத்தனை நாள் அவளைத் திட்டிய வாய், அன்று அவள் சொல்லித்தந்த ஒவ்வொன்றையும் முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்தது. மூன்று மணிக்குப் படம் வந்தது. கதவுக் கண்ணாடி வழியே அக்காவுக்கு இரண்டு விரல்களைக் காட்டினேன். இரண்டு பட்டைகள்.

அக்கா விம்மி அழுதாள். கண்ணாடி மூக்கு நுனிவரை வழுக்கி வந்தது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அப்படியே நின்றாள்.