ஹைமாவதிக்கு நடந்த வழியனுப்பு

டல்லாஸுக்குப் பக்கத்தில், இர்விங்கில், ஒரு காப்பீட்டு மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் இருந்தாள் ஹைமாவதி. சொந்த ஊர் ஆந்திராவில் தணுக்கு. மற்றவர்கள் வேலை முடிந்தது என்று கொண்டுவந்து கொடுப்பதை இவள் பிரித்து மேய்வாள். பிறந்த தேதி கேட்கும் இடத்தில் நாளைய தேதியைப் போடுவாள். பெயர் கேட்கும் இடத்தில் ஒன்றுமே போடாமல் தட்டுவாள். எங்கே சறுக்குகிறது என்று தெரியும்வரை மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழ மாட்டாள். அதில் அவளுக்கு ஒரு நிம்மதி.

அவளுடைய கிரீன் கார்டுக்கு மனுப் போட்டதும் அந்த நிறுவனம்தான். மனு ஏற்கப்பட்டு வருடங்கள் ஓடிவிட்டன. ஆனால் இந்தியாவில் பிறந்தவர்களுக்கான வரிசை நகர்கிற வரிசையா என்ன? அதில் கிடைத்த இடத்தை ஹைமா பொத்திப் பொத்திப் பாதுகாத்தாள். அந்த இடத்தை நம்பித்தான் அவளுடைய விசா நீண்டுகொண்டிருந்தது. கணவர் கோதண்டராமின் வேலை அனுமதியும் அதை நம்பித்தான். மனுவில் எழுதிய வேலை மாறக் கூடாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, தேடி வந்த பதவி உயர்வைக்கூட வேண்டாம் என்றிருக்கிறாள். மேலாளர் வெண்டலுக்குக் காரணம் புரியவில்லை. இந்தப் பெண்ணுக்கு நாலு பேரை அதிகாரம் செய்யப் பிடிக்காது போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு, அவள் பழக்கிவிட்ட பையன்களையே ஒவ்வொருவராக மேலே ஏற்றினார்.

அந்தச் சமயத்தில்தான் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. எடைக்குத் தகுந்த மருந்தளவைக் கணக்கிட்டுச் சொல்லும் மென்பொருளைச் சோதிக்க ஒரு குழு. அதற்கு அவள் தலைமை. மனுவையும் அவர்களே புதிதாகப் போடுவார்கள்; பழைய மனு இருக்கும்வரை வரிசையில் இடம் போகாது என்று கேள்வி. நேர்காணல் முடிந்து வந்த அன்று ஹைமா புளிஹோராவில், அதுதான் புளியோதரையில், உப்புப் போட மறந்தாள். கோதண்டராம் ஒன்றும் சொல்லாமல் தட்டைக் காலி செய்தார்.

"உப்பில்லைன்னு சொல்ல மாட்டீங்களா?"

"வேலை புடிச்சிருக்குன்னு உன் மூஞ்சியிலயே தெரியுது. உப்பைப் பத்தி எதுக்குக் கேக்கணும்?"

அவர்கள் வழக்கப்படி காதும் காதும் வைத்தாற்போல் காரியம் நடந்தது. புது விசா கையில் வரும்வரை வெளியே மூச்சு விடக் கூடாது. வந்த பிறகு, பழைய இடத்தில் என்ன சொல்லிவிட்டு விலகுவது என்பதுதான் கேள்வி. எதிர் வீட்டு அனசூயக்காவுக்கு இதில் மற்றவர்களுக்கு யோசனை சொல்லி அனுபவம் அதிகம். சனிக்கிழமை காலை பச்சைப்பயறுப் பெசரட்டு சாப்பிட வந்தவள் விஷயத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"இன்னொரு எடத்துக்குப் போறேன்னு மட்டும் சொல்லிடாதே ஹைமா. வயித்தெரிச்சல்ல மனுவை வாபஸ் வாங்கிடுவாங்க. உன் எடம் போச்சு. மாமியாருக்கு முடியலை, ஒரேடியா ஊருக்குப் போறோம்னு சொல்லு. ஊருக்குப் போறவ மேல யாருக்குக் கோவம் வரும்?"

"எங்கம்மாவுக்கா முடியலை?" என்றார் கோதண்டராம். "நேத்துதான் பால்காரனையும் கேபிள்காரனையும் ஒரே மூச்சுல திட்டிக்கிட்டிருந்தா."

"நீங்க சும்மா இருங்கண்ணா."

மருத்துவமனைக்காக விசா வேலையைக் கவனித்த வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் இல்லாத சிக்கல் ஏதாவது முளைத்துவிடுமோ என்று ஹைமாவுக்குப் பயம். அனசூயக்கா சொன்னபடியே வெண்டலிடம் சொன்னாள். சொல்லும்போது அவர் கண்ணைப் பார்க்கவில்லை. அதை அவர் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

கடைசி நாள், சாப்பாட்டு அறையில் பெரிய கேக். பிரிவே கூடியிருந்தது. இவள் பழக்கிவிட்டவர்கள் சேர்ந்து சிவப்பாக ஒரு பெரிய பெட்டி வாங்கியிருந்தார்கள், ஊருக்குச் சாமான் கட்டிக்கொண்டு போக. மாமியார் சீக்கிரம் குணமாகட்டும் என்று வெண்டலின் மனைவி ஒரு கம்பளிப் போர்வை பின்னி அனுப்பியிருந்தாள். தணுக்கு வெயிலுக்குக் கம்பளி. ஹைமா அதை மடியில் வைத்துக்கொண்டு தவித்தாள்.

அலுவலக நிர்வாகம் பார்க்கும் ட்ரூடி வந்து தோளைத் தொட்டாள். இனி உனக்குக் கிரீன் கார்டு தேவைப்படாது இல்லையா, அதனால் அந்த மனுவை வாபஸ் வாங்கிக் கடிதம் அனுப்பியாயிற்று, உனக்கு ஒரு தொல்லை குறைந்தது என்று அன்போடு சொன்னாள்.

ஹைமா கேக்கையும் போர்வையையும் மேஜை மேல் வைத்தாள். கோபம் வந்தால்தான் செய்வார்கள் என்று பயந்த காரியத்தை, பிரியத்தால் செய்துவிட்டிருந்தார்கள். இவள் சொன்ன பொய்தான் அவர்களைச் செய்ய வைத்திருக்கிறது. கை கழுவிவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் கார் நிறுத்துமிடத்துக்குப் போனாள். மருத்துவமனை வழக்கறிஞரை அழைத்தாள். அந்தப் பெண் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டாள்.

"உங்க மனு ஏத்துக்கிட்டு எவ்வளவு காலம் ஆச்சு?"

"அது ஆச்சு, பல வருஷம்."

"ஆறு மாசம் தாண்டினாலே போதும். அப்புறம் அவங்க வாபஸ் வாங்கினாலும் வரிசையில அந்த எடம் உங்களோடது. விசாவும் அதை வெச்சு நீளும். புது ஆஸ்பத்திரி உங்களுக்குப் புதுசா ஒரு மனுப் போடணும். அது எப்படியும் போடத்தான் போறோம். இதை ஏன் நீங்க முன்னாடியே கேக்கலை?"

பிறந்த தேதிக் கட்டத்தில் நாளைய தேதியைப் போட்டுப் பார்ப்பவள், இத்தனை வருடமாக இந்த ஒரு பயத்தை ஒரு தடவைகூடச் சோதித்துப் பார்க்கவில்லை.

பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம். இடம் பத்திரம். பெட்டியும் போர்வையும் உள்ளே மேஜை மேல் இருந்தன, எடுத்துக்கொண்டு கிளம்பினால் போதும். ஆனால் மருத்துவமனை அதே நெடுஞ்சாலையில், இரண்டு திருப்பம் தள்ளி. காபிக் கடையில் ட்ரூடி எதிரே வந்தால் எந்த மாமியாரைக் காட்டுவது? கும்பல் கலையும்வரை காரிலேயே இருந்துவிட்டு, வெண்டலின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். ஊருக்குப் போகவில்லை என்பதில் தொடங்கி, பதவி உயர்வை ஏன் மறுத்தாள் என்பதுவரை எல்லாவற்றையும் சொன்னாள்.

வெண்டல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் கோவத்துல வாபஸ் வாங்கிடுவேன்னு நெனச்சியா?"

"எங்க ஆளுங்க அப்படித்தான் சொல்வாங்க."

"உன் ஆளுங்ககிட்ட சொல்லு, ஆள் போறாங்கன்னா எனக்கு வருத்தம் மட்டும்தான் வரும். கோவப்பட்டுக் கடுதாசி எழுதறதுக்கெல்லாம் எங்கே நேரம்?" கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "பதவி வேணாம்னு நீ சொன்னப்பவாவது ஏன்னு கேட்டிருக்கணும். கேக்காதது என் தப்பு. அது சரி, உன் மாமியார் எப்படி இருக்காங்க?"

"கல்லு மாதிரி இருக்காங்க."

சிரித்துவிட்டார். போர்வையைத் திருப்பித் தரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், மனைவி மனம் கோணுவாள், ஆனால் உண்மையை நீயே அவளிடம் சொல்லிவிடு என்று தொலைபேசி எண்ணைத் தந்தார். அந்த அழைப்புதான் அன்று மிகக் கடினம். அந்த அம்மாள் கொஞ்சம் முறைத்துக்கொண்டாள். பிறகு, புது ஆஸ்பத்திரியில் குளிர்பதனம் பல்லைக் கிட்ட வைக்கும், நீயே போர்த்திக்கொள் என்றாள்.

அடுத்த வாரமே எதிர் வீட்டு அனசூயக்கா, தனக்கும் வேலை மாற ஆசை இருப்பதாகவும், அந்த வழக்கறிஞரின் எண் கிடைக்குமா என்றும் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். ஹைமா உடனே எழுதிக் கொடுத்தாள்.

வரிசை இன்னும் நத்தையாகத்தான் நகர்கிறது. ஹைமாவின் இடம் அதில் பழைய இடமேதான். காலையில் மருத்துவமனைக்குப் போனதும் அவள் செய்கிற முதல் வேலை, இல்லாத ஒரு குழந்தைக்கு யானையின் எடையைப் போட்டு, மென்பொருள் மருந்து கொடுக்க மறுக்கிறதா என்று பார்ப்பது.