எரியாத மருந்து

வாப்பாவின் காலில் முதலில் வந்தது ஒரு கொப்புளம், அவ்வளவுதான். மக்காவுக்கு உம்றாப் பயணம் போகவென்று புதுச் செருப்பு வாங்கியிருந்தார். அது காலுக்குப் பழக வேண்டுமென்று விடிகாலை சுபஹ் தொழுத கையோடு கல்முனைக் கடற்கரையில் நடக்கத் தொடங்கினார். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டுக்குள் இருக்க முடியாமல் அலைந்துகொண்டிருந்த நானும் கூடவே ஓடினேன். "இன்னும் கொஞ்சம் வாப்பா, அந்தத் தோணி மட்டும்" என்று விரட்டினேன். வலை இழுத்துக்கொண்டிருந்த ஒருவர், "முதலாளி, மகள் உங்கள மக்காவுக்கு நடத்தியே கொண்டுபோவா போல" என்றார். வாப்பா சிரித்தார். கடையை விட்டு ஒரு கிழமை எங்கேயும் போகாத மனிதர் அவர். உம்மாவோடு உம்றாவுக்குப் போவது அவருடைய எத்தனையோ வருட ஆசை.

செருப்பு வார் உரசி, பெருவிரல் ஓரத்தில் கொப்புளம் வந்து உடைந்தது. வாப்பாவுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு, இருக்கிறது. அதனால் நாங்கள் எல்லோரும் கவனமாகத்தான் இருந்தோம். இன்றைக்கு நினைத்தால் அதுதான் நெஞ்சைக் குடைகிறது. கவனக்குறைவால் வந்த கேடு இல்லை இது.

எங்கள் வீட்டில் கிருமிநாசினி தீர்ந்துபோனதாக எனக்கு ஞாபகமே இல்லை. தரை துடைக்கவும் குளிக்கிற தண்ணீரில் விடவும் உம்மா பெரிய போத்தலாக வாங்குவா. அதிலிருந்து கொஞ்சத்தைக் கழுவிக் காயவைத்த இருமல் பாணிப் போத்தல் ஒன்றில் ஊற்றி வைப்பா. காயத்துக்கு அதுதான். பெரிய போத்தலில் ஒட்டியிருந்த தாளில், எதற்கு எவ்வளவு தண்ணீர் கலக்க வேண்டுமென்று மூன்று மொழியிலும் இருந்தது. சின்னப் போத்தலில் ஓர் எழுத்தும் இல்லை. அந்தச் சின்னப் போத்தலைத்தான் வாப்பா சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார்.

அவர் ஐந்து வேளையும் பள்ளியில் தொழுகிறவர். ஐந்து வேளையும் தொழுகைக்கு முன் வுழூச் செய்ய வேண்டும், கை முகத்தோடு காலும் கழுவ வேண்டும். கழுவினால் போட்ட மருந்து போய்விடும். பலர் கால் வைக்கிற இடம், கிருமி இருக்கும். ஆகவே தொழுது முடிந்ததும் பள்ளிப் படியில் உட்கார்ந்து, காயத்தில் மருந்தைத் தண்ணீர் கலக்காமல் அப்படியே ஊற்றுவார். அடுத்த வேளை கழுவுவார், திரும்பவும் ஊற்றுவார்.

"காயத்துக்கு மேல துணியக் கட்டி, ஈரக் கையால தடவினாப் போதும்தானே? அதுக்கு மார்க்கத்தில இடமிரிக்கே" என்று உம்மா கேட்டா.

"ஒரு கொப்புளத்துக்கெல்லாம் சலுகை எடுக்கிறதா? இஞ்சயே சலுகை எடுத்தா அங்க போய் என்ன செய்ற?"

"நல்லாப் பேசுங்க. கிட்ட வந்தா ஆசுபத்திரி வார்டுக்குள்ள நிக்கிற மாதிரி இரிக்கி."

பள்ளியில் அவருடைய கூட்டாளிகள் அதைவிட மோசம். "என்ன மச்சான், உம்றாவுக்கு முந்தியே அத்தர மாத்திட்டாய்" என்று ஒருவர் மூக்கைப் பொத்தினாராம். அதை வாப்பாவே வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தார்.

காயம் ஆறவில்லை. சுற்றியிருந்த தோல் வெளுத்து, ஊறிய சோறு போலானது. பிறகு உரிந்து உள்ளே சிவப்புத் தெரிந்தது. நான் தினமும் கேட்டேன், "மருந்து போட்டீங்களா வாப்பா?" என்று. "ஓம் மகள், போட்டன்." உம்மா கேட்டா, மாமா கேட்டார், கடைக்கு வருகிறவர்களும் கேட்டார்கள். எல்லோரும் போட்டீங்களா என்றுதான் கேட்டோம். எப்படிப் போடுறீங்க என்று ஒரு வாய் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் தண்ணீர் சேர்த்துச் செறிவு குறைக்கும் ஐதாக்கல் கணக்கெல்லாம் செய்து புள்ளி வாங்கியவள் நான். அந்தப் படிப்பு வீட்டு அலுமாரிக்குள் இருக்கிற போத்தலுக்கும் சேர்த்துத்தான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு நாள் வாப்பா யோசனையோடு சொன்னார்: "மருந்து வேலை செய்யுதில்ல போல. முந்தி சின்ன வெட்டுக்கு ஊத்தினாலே உயிர் போற மாதிரி எரியும். இப்ப எரியவே இல்ல."

அன்றிலிருந்து பஞ்சை மருந்தில் நனைத்து, காயத்தில் வைத்து, மேலே பிளாஸ்டர் ஒட்டினார்.

கால் வீங்கிச் செருப்புக்குள் நுழையாமல் போன பிறகுதான் கிளினிக்குக் கூட்டிப்போனோம். டொக்டர் பிளாஸ்டரை எடுத்தார். மணம் அறை முழுக்க ஏறியது.

"என்ன போட்டீங்க?"

வாப்பா பையிலிருந்து போத்தலை எடுத்துக் காட்டினார், கொஞ்சம் பெருமையாகவே.

"தண்ணி கலந்தீங்களா?"

"இல்ல. கலந்தா வீரியம் குறையும்தானே?"

டொக்டர் விரலைப் பஞ்சால் தொட்டு, "இது தெரியுதா? இது?" என்று கேட்டார். வாப்பாவுக்குப் பாதித் தொடுகை தெரியவில்லை. "சீனி வருத்தத்தில உங்கட காலுக்கு உணர்ச்சி குறைஞ்சு போயிருக்கு. அதனாலதான் எரியல்ல. மருந்து தோலைச் சுட்டுக்கொண்டே இருந்திருக்கு. நீங்க அதைக் கிருமி எண்டு நினைச்சு இன்னும் ஊத்தியிருக்கீங்க. இப்ப உண்மையாவே கிருமி பிடிச்சிட்டு."

பிறகு எனக்குச் சொன்னார். போத்தலில் எழுதியிருக்கிற அளவுக்குத் தண்ணீரில் கலந்துதான் தொட வேண்டும். நனைத்த பஞ்சை வைத்து மூடிக் கட்டவே கூடாது. வேறு போத்தலுக்கு மாற்றவும் கூடாது. சின்னக் காயத்தைச் சுத்தமான ஓடுகிற தண்ணீரில் கழுவினாலே பெரும்பாலும் போதும். சீனி வருத்தக்காரரின் காலில் சிறு கீறல் என்றாலும் முதல் நாளே காட்ட வேண்டும். எல்லாம் ஒரு தேநீர் குடிக்கிற நேரத்துக்குள் சொல்லி முடிகிற விசயங்கள்.

வாப்பாவுக்கு ஒரே கேள்விதான். "டொக்டர், கஃபாவச் சுத்தித் தவாப் செய்ய ஏலுமா?"

"நடக்கவே கூடாது."

"சக்கர நாற்காலி இரிக்காம், தள்ளிக்கொண்டு போவாங்களாம்."

"கிருமி ஏறின காலோட அந்தச் சனத்துக்குள்ளயா? தினமும் மருந்து கட்ட வேணும். இந்த முறை பயணத்த விட்டுருங்க. இல்லாட்டி விரல விட வேண்டி வரும்."

வரும்போது முச்சக்கர வண்டி பஸாரைத் தாண்டும்போது வாப்பா, "உம்மாட்ட நான் சொல்றன்" என்றார்.

உம்மா போகமாட்டேன் என்று அழுதா. உம்மாவோடு பிறந்த மாமாவும் அதே குழுவில் போவதால், பெண்ணுக்குத் தேவையான மஹ்ரம் உறவுத் துணை இருந்தது. "எனக்காக நிண்டா ரெண்டு பேரும் இழந்த மாதிரி" என்று வாப்பா பிடிவாதமாக அனுப்பிவைத்தார். விரல் தப்பியது, அல்ஹம்துலில்லாஹ். இப்போது அவருக்கு ஒவ்வொரு நாளும் நான்தான் மருந்து கட்டுகிறேன். துணி கழற்றும்போதெல்லாம் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

உம்மா மக்காவிலிருந்து வீடியோவில் அழைத்தா. கமெராவைத் திருப்பி, "இஞ்ச பாருங்க, கஃபா" என்றா.  வாப்பா சட்டென்று எழும்பப் பார்த்தார். ஸ்டூலில் தூக்கி வைத்திருந்த கால் அசைந்தது. "இறக்காதீங்க வாப்பா" என்று அவர் தோளை அழுத்தினேன். உட்கார்ந்தார். பார்த்துக்கொண்டே இருந்தவர், மெல்லக் கைப் பெருவிரலால் போனின் கமெராவை மூடினார்.

"உங்கட முகம் தெரியுதில்லியே?" என்றா உம்மா.

"சிக்னல் இல்ல போல" என்றார் வாப்பா. "நீங்க காட்டுங்க. எனக்கு வடிவாத் தெரியிது."