பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து

போன வாரம் சுகர் டெஸ்ட் முடிவு வாங்க லேபில் உட்கார்ந்திருந்தேன். கவுண்டரில் இருந்த பெண் "மாரீஸ்வரி... மாரீஸ்வரி..." என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். காதில் விழாமல் இல்லை. பின்னால் வர வேண்டிய எழுத்தும் வரட்டும் என்று நான்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன். சிரிக்காதீர்கள். இருபது வருடம் கழித்தும் சில பழக்கம் போகமாட்டேன் என்கிறது.

அந்த லேபில் அடித்த ஸ்பிரிட் வாசனையும் ஒரு காரணம். துணியில் ஆயில் கறை பட்டால் செக்கிங் டேபிளில் ஒரு ஸ்ப்ரே அடிப்பார்கள், கிட்டத்தட்ட அதே வாசனை. அது மூக்கில் ஏறியதும் நான் நெருப்பெரிச்சல் என்ற ஊரில் இருந்த பழைய பனியன் கம்பெனிக்குப் போய்விட்டேன். அங்கே என் பெயர் மாரீஸ்வரி பி.

பெயர் வைத்தவர் சூப்பர்வைசர். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து ஓவர்லாக் தையல் மெஷினில் நான் உட்கார்ந்தபோது, அங்கே ஏற்கெனவே ஒரு மாரீஸ்வரி இருந்தாள், சாத்தூர்ப் பக்கத்துக்காரி. சூப்பர்வைசருக்கு உலகமே ஸ்டைல் நம்பர்தான். ஒரே டி-ஷர்ட் இன்னொரு கலரில் வந்தால் நம்பருக்குப் பின்னால் ஏ, பி. அதே ஆர்டர் திரும்ப வந்தால் 'ஆர்'. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, நீங்க மாரீஸ்வரி பி. சரிங்களா?" என்றார். முடிந்தது விஷயம். எங்கள் ஊரில் பட்டப்பெயர் எதுவானாலும் பெயருக்கு முன்னால்தான் நிற்கும். நான் என்ன டி-ஷர்ட்டா என்று எனக்கு ரொம்ப நாள் கடுப்பு.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. நெருப்பெரிச்சல் பக்கத்துக்காரர்கள் எதன் வாலிலும் ஏதாவது ஒன்றைச் சேர்க்காமல் விடுவதில்லை. திட்டினாலும் மரியாதையாகத் திட்டுவார்கள். "கண்ணு எங்கீங்க இருக்குது? தையலு கோணலாப் போகுதுங்க!" இதை அந்தச் சாத்தூர் மாரீஸ்வரி, அதாவது மாரீஸ்வரி ஏ, அப்படியே நடித்துக் காட்டுவாள். நானும் அவளும் ஒரே லைன் வீட்டு அறையில் இருந்தோம். ராத்திரிச் சோறு எத்தனையோ தடவை எனக்குப் புரையேறியிருக்கிறது. எங்களுக்குள் மாரீஸ்வரி என்ற பெயரே செத்துப் போய், அவள் ஏ, நான் பி என்று ஆகிவிட்டது. கடுப்பெல்லாம் எப்போது போனது என்றே தெரியவில்லை.

ஒருநாள் காலையில் ஆபீஸ் அறைக்கு ஒரு போன் வந்தது. அப்போது எங்களிடம் செல்போன் ஏது? ஊரில் நல்லது கெட்டது என்றால் ஆபீசுக்குத்தான் கூப்பிடுவார்கள். ஒரு ஆண் குரல். "மாரீஸ்வரிய ஒடனே ஊருக்கு அனுப்புங்க, அவ அம்மா தவறிட்டாக." ஆபீஸ் பெண் "எந்த மாரீஸ்வரிங்க?" என்று கேட்பதற்குள் காயின் பூத்தில் லைன் போய்விட்டது. கேட்டிருந்தாலும் என்ன? எங்களுக்குப் பின்னால் ஓர் எழுத்து இருப்பது ஊரில் யாருக்குத் தெரியும்?

சூப்பர்வைசர் எங்கள் இருவரையும் மெஷினிலிருந்து எழுப்பி வெளியே கூட்டிப்போனார். அன்றைக்கு அவர் பேச்சில் 'ங்க' இல்லை. "கண்ணு, ரெண்டு பேருமே பொறப்படு சாமி," என்றார். அவருக்கு அழுகை வந்துவிட்டது.

எங்கள் ஊரில் மளிகைக் கடையில் மட்டும் ஒரு போன் உண்டு. அதற்கு அடித்துப் பார்த்தோம். மணி போனது, யாரும் எடுக்கவில்லை. அவள் ஊரில் அதுவும் கிடையாது. எங்கள் தெருவில் சாவு விழுந்தால் அந்தக் கடையைச் சாத்திவிடுவார்கள். எனக்கு அது தெரியும். கடைக்காரர் சரக்கு எடுக்கப் போயிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளிடம் வாயே திறக்கவில்லை.

அந்த பஸ் பயணத்தை என்னவென்று சொல்வது? பக்கத்தில் இருக்கிறவளுக்கு ஆறுதல் சொல்லக்கூட வழியில்லை. உன் அம்மாவுக்கு ஒன்றும் இருக்காது என்று நான் சொன்னால், செத்தது என் அம்மா என்று நானே சொன்னதாக ஆகிவிடும். அவளுக்கும் அதே கதிதான். தாராபுரம் போனது, திண்டுக்கல் போனது, மதுரை போனது. மெஷின் ஆயில் வாசனை அடிக்கிற கையால் அவள் என் கையைப் பிடித்திருந்தாள். ஒரே சாமியிடம் இரண்டு பேரும் ஒன்றையே வேண்டிக்கொண்டு வருகிறோம் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். நாங்கள் முகம் பார்த்துக்கொள்ளவில்லை.

சாத்தூரில் அவள் இறங்க வேண்டும். இறங்குகிற இடத்தில் கண்டக்டர் அவசரப்படுத்தினார். படிக்கட்டில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினாள்.

"பி, ஒங்கம்மாவுக்கு ஒண்ணும் ஆயிருக்காது புள்ள. அழாமப் போ."

பதிலுக்கு அதையே சொல்ல என்னால் முடியவில்லை. பஸ் கிளம்பிவிட்டது.

எங்கள் ஊர் நிறுத்தத்தில் இறங்கியபோது பொழுது சாய்ந்திருந்தது. மளிகைக் கடை சாத்தியிருந்தது. தெரு முனையிலேயே கொட்டுச் சத்தம் கேட்டது.

மறுநாள் முதல் பஸ்ஸில் ஏ வந்து நின்றாள். அதே வேலைச் சுடிதார், கழுத்தில் கம்பெனி அட்டை தொங்குகிறது. உண்மையைச் சொன்னால், அவளைப் பார்த்ததும் எனக்கு முதலில் ஆத்திரம்தான் வந்தது. அப்புறம்தான் அழுகை வந்தது. அம்மாவைப் பார்த்தாயா என்று கேட்டேன்.

"பாத்தேன். அடுப்படியில ஒக்காந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தா. பாத்ததும் எனக்கு சந்தோசம் வரல பி. ஒன் நெனப்புத்தான் வந்துச்சு."

என் அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனதும் அவள்தான் வீட்டைக் கழுவிவிட்டாள்.

பிறகு அவளுக்குக் கல்யாணமானது. போனவள் ஒரு நம்பர் கொடுத்துவிட்டுப் போனாள். கொஞ்ச காலம் பேசினோம். ஒருநாள் அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்றது. ரொம்ப நாள் கழித்து, பழைய செக்கிங் அக்கா ஒருத்தியைக் காதர்பேட்டையில் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஏ-யின் அம்மா இறந்து வருடம் ஒன்றாகிவிட்டதாம். எனக்கு யார் போன் செய்வார்கள்? கேள்விப்பட்டதும் சாத்தூருக்குப் பஸ் ஏறினேன். அவள் அம்மா வீடு பூட்டிக் கிடந்தது. புருஷனோடு குஜராத் பக்கம் மில்லுக்குப் போய்விட்டாள் என்றார்கள். எந்த ஊர், எந்த மில் என்று யாருக்கும் தெரியவில்லை. அவள் அம்மா வெங்காயம் உரித்த அந்த அடுப்படியின் ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் உள்ளே பார்த்துவிட்டு வந்தேன்.

இப்போது அந்தக் கம்பெனி ஏதோ குடோன். சூப்பர்வைசரும் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் இப்போது வேலை பார்க்கிற இடத்தில் வடநாட்டுப் பிள்ளைகள்தான் நிறைய. என் பெயருக்குப் பின்னால் 'தீதி', அதாவது அக்கா, என்று சேர்த்துக் கூப்பிடுகிறார்கள். நல்ல பிள்ளைகள்தான்.

லேப் பெண் கடைசியில் எழுந்து என்னிடமே வந்துவிட்டாள்.

"ஏனுங்கக்கா, மாரீஸ்வரி நீங்கதானுங்களா? இல்ல, அந்தப் பேர்ல இன்னொருத்தங்களும் இருக்கறாங்களா?"

பேப்பரை வாங்கிக்கொண்டேன்.

"இல்லீங்க. நான் ஒருத்திதான்," என்றேன்.