மூட்டையின் அடிவரை பார்த்தவர்

கொடைரோடு பக்கம் ஒரு மருத்துவமனையில், உடம்புக்குள் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப் குழாயைத் தண்ணீரில் அமிழ்த்தி எங்காவது குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா போன் செய்தார்.

“அத்தை போயிருச்சுப்பா.”

சரி என்றேன். குமிழி வரவில்லை. குழாயைத் துடைத்துத் தொங்கவிட்டு, ஓட்டை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பைக்கை எடுத்தேன். இந்தக் கருவிகளைப் பழுது பார்ப்பது என் வேலை. அப்போது வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

பதினாறாம் நாளுக்கு வருகிறவர்களிடம் கொடுக்க ஏதாவது எழுதச் சொன்னார் அப்பா. சோடித்து எழுத எனக்கு வராது. நடந்ததை எழுதுகிறேன்.

அப்பாவின் அக்கா பஞ்சவர்ணம் அவர்கள் திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் மொத்தமாகப் பூ வாங்கி வெளியூருக்கு அனுப்பியவர். மூட்டை வந்தால் மேலே இருக்கும் பூவைத் திரும்பியும் பார்க்க மாட்டார். முழங்கை வரை கையை உள்ளே விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி எடுப்பார். சூடாக இருந்தால் பழைய பூ, உள்ளே வெந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்புறம்தான் விலை பேசுவார்.

சாணார்பட்டியிலிருந்து மல்லிகை கொண்டுவரும் காளிமுத்து அண்ணனுக்கு இது பிடிக்காது. “ஏக்கா, பூ வாங்குறியா, பிரசவம் பாக்குறியா?” என்று ஒருநாள் கேட்டார்.

“ஒம் மூட்டைக்குப் பிரசவம்தான் பாக்கணும். அடியில என்ன புள்ள கெடக்குதோ” என்றார் அத்தை. மார்க்கெட்டே சிரித்தது.

போன வருடம் அத்தைக்குச் சிறுநீரில் ரத்தம் போனது. வலி இல்லையே என்று யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டார். தெரிந்ததும் நான்தான் இழுத்துக்கொண்டு போய் ஸ்கேன் எடுக்கவைத்தேன். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாயில் ஒரு கட்டி. பார்த்தால் புற்றுநோய் போலத் தெரிகிறது, அந்தப் பக்கத்துச் சிறுநீரகத்தைக் குழாயோடு எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். சிக்கல் என்னவென்றால், அத்தையின் இன்னொரு சிறுநீரகம் எப்போதோ சுருங்கிப்போயிருந்தது.

“எடுத்துரலாம் அத்தே. தள்ளிப்போட வேணாம்” என்றேன்.

“நீ செத்த நேரம் சும்மா இருலே. டாக்டரு, அது என்னன்னு யாராச்சும் உள்ள போயிப் பாத்தாகளா?”

ஸ்கோப் விட்டுப் பார்த்து, துளி சதை எடுத்துச் சோதிக்கலாம் என்றார் டாக்டர். தீவிரமில்லாத வகையாக இருந்தால் லேசரில் சுட்டுவிட்டுச் சிறுநீரகத்தைக் காப்பாற்றலாம். ஆனால் கட்டியைத் தொடும்போது செல்கள் உதிர்ந்து, கீழே சிறுநீர்ப்பையில் ஒட்டி வளரும் வாய்ப்பு கொஞ்சம் கூடும். ஆபரேஷனும் சில வாரம் தள்ளும்.

வெளியே வந்ததும் கத்தினேன். “கத்திய வச்சு எடுத்தா முடிஞ்சுது. எதுக்கு இந்தச் சுத்து வேலை? பையில வந்து ஒட்டுனா?”

“ஒட்டுனா அத அப்புறம் பாப்போம். நல்லா இருக்கிறது ஒண்ணுதாம்லே. அதத் தூக்கிட்டா வாரத்துக்கு மூணு நாளு டயாலிசிஸ்ல படுக்கணும். மார்க்கெட்டுக்கு எவன் போறது, நீயா? ஒனக்கு மல்லிக்கும் முல்லைக்கும் வித்தியாசம் தெரியாது.” கொஞ்சம் நடந்துவிட்டு, “நீ ரிப்பேரு பாக்குற குழாயா அது?” என்று கேட்டார்.

“அதைவிட மெல்லிசு.”

“ஓட்டை கீட்டை இருந்துறப் போகுது. போயிப் பாத்துட்டு வா.”

பார்த்துவிட்டு வந்தேன். ஓட்டை இல்லை.

ஸ்கோப் முடிந்த மறுநாள், எடுத்த படத்தைக் காட்டச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தார். திரையில் கட்டி இதழ் இதழாக அசைந்தது. “பூ மாதிரித்தான இருக்கு, சனியன்” என்றார். சோதனை முடிவு வந்தது. தீவிரமான வகை. சிறுநீரகத்தைக் காப்பாற்ற வழியில்லை.

“சரி, எடுங்க” என்றார்.

எடுத்தார்கள். டயாலிசிஸ் தொடங்கியது. சில மாதங்களில் புற்று சிறுநீர்ப்பையில் வந்தது, பிறகு நுரையீரலில். ஸ்கோப் விட்டதாலா என்று டாக்டரிடம் நேராகவே கேட்டேன். விடாமல் இருந்தாலும் வரக்கூடியதுதான், இன்னதால் என்று சொல்ல முடியாது என்றார். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. டயாலிசிஸ் கட்டிலில் படுத்திருந்த அத்தையிடமே கேட்டேன்.

“இப்பக் கேட்டாலும் பாக்கத்தான் சொல்லுவேன்” என்றார். “பாக்காம எடுத்திருந்தா, நல்லதத் தூக்கிக் குடுத்துட்டமோ, நல்லதத் தூக்கிக் குடுத்துட்டமோன்னு இந்தக் கட்டில்ல கெடந்து பொலம்பியிருப்பேன். இப்ப அந்தப் பொலம்பல் இல்ல. நீ ஏன்லே பொலம்புற? போயி டீ வாங்கிட்டு வா.”

அத்தையின் கணக்கு அங்கே முடிந்துவிட்டது. என்னுடையது முடியவில்லை. அதை இங்கே எழுதிப் பயனில்லை.

அப்பா போன் செய்த அன்று நான் வீட்டுக்குப் போனபோது அத்தையைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அழுகை வரவில்லை. சுவரோரம் நின்றேன். காளிமுத்து அண்ணன் மல்லிகை மூட்டையைத் தோளில் சுமந்து வந்து, அத்தையின் பக்கத்தில் இறக்கிக் கட்டை அவிழ்த்தார். உடனே கொட்டவில்லை. சட்டைக் கையை ஏற்றிவிட்டு, முழங்கை வரை உள்ளே விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து அத்தையின் உள்ளங்கையில் வைத்தார்.

“இன்னிக்குப் பறிச்சதுதாங்க்கா. பாத்துக்க.”

பிறகுதான் கொட்டினார்.

குனிந்து அந்த ஒரு பிடியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை. நல்ல பூ.

போய்வாருங்கள், அத்தை.